சேஸிஸ் ஒருவருடையது, பாடி இன்னொருவருடையது



தொழில் வரலாறு என்று தலைப்புக் கொடுத்தால் பேச்சாளர்கள் பெரிய முதலாளிகளின் பக்கம் ஓடிவிடுவார்கள். எஞ்சின் கண்டுபிடித்தவர், ஆலை கட்டியவர், கோடி சேர்த்தவர். நான் இன்று பேச வந்திருப்பது பாடி கட்டுபவர்களைப் பற்றி. நம் ஊரில் ஒரு பஸ் முதலாளியிடம் வண்டியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முதலில் "லேலண்டு" என்பார். பாடி எங்கே கட்டியது என்று தனியாகக் கேட்டால்தான் "கரூர்" என்று பதில் வரும். அவர் சொல்லும் வரிசையிலேயே இந்தத் தொழிலின் இடம் தெரிந்துவிடுகிறது. சேஸிஸ் செய்தவர் பெயர் வண்டியின் நெற்றியில் மின்னும். நாற்பது ஐம்பது உயிர்கள் உட்காரும் கூட்டைக் கட்டியவர் பெயர், பெரும்பாலும், படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தகட்டில் இருக்கும்.

நெடுஞ்சாலையில் வெறும் சேஸிஸை ஓட்டிப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். முன்கண்ணாடி இல்லை, கூரை இல்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலையும் புழுதியையும் முகத்தில் வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தப் பயணம் ஒரு பட்டறையில் முடிகிறது. அங்கிருந்து வேறு ஒருவருடைய பொறுப்பு தொடங்குகிறது. அந்தப் பொறுப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதுதான் பாடி கட்டும் தொழிலின் வரலாறு முழுவதும் ஓடுகிற கேள்வி என்று நினைக்கிறேன். இதை நன்றாகக் காட்டும் ஓர் அமெரிக்கக் குடும்ப நிறுவனத்தின் கதையை எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் புளூ பேர்ட். ஊர், ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்ட் வேலி.

ஃபோர்ட் வேலி, பீச் பழத்தோட்டங்களின் நடுவே இருக்கும் சிறிய ஊர். 1924இல் உருவாக்கப்பட்ட அந்த மாவட்டத்துக்கே பீச் கவுண்டி என்றுதான் பெயர். அங்கே ஆல்பர்ட் லூஸ் என்பவர் ஃபோர்டு கார் விற்பனை முகவராக இருந்தார். 1925இல் வேலையாட்களை ஏற்றிச் செல்ல ஒரு வண்டி வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். ஃபோர்டு லாரிச் சேஸிஸின் மேல், வெளியிலிருந்து வாங்கிய மரப் பாடியை ஏற்றிக் கொடுத்தார் லூஸ். தவணைப் பணம் கட்டி முடிவதற்குள் பாடி கழன்று போனது என்பது அந்த நிறுவனத்தார் தலைமுறையாகச் சொல்லிவரும் கதை.

ஏன் கழன்றது? மரப் பாடி செய்தவர்கள் மோசமான தச்சர்கள் அல்லர். அவர்கள் கற்ற வித்தை குதிரை வண்டிக்கானது. குதிரையின் வேகத்துக்கும் பாரத்துக்கும் ஏற்ற மூட்டுகளைப் போட அவர்களுக்குத் தெரியும். மோட்டார் வண்டியின் அடிச்சட்டம் வேறு சாதி. ஏணி போல இரண்டு நீள விட்டம், குறுக்கே சில பட்டைகள். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் சட்டம் முறுக்கும். முறுக்குவதற்காகவே அப்படிச் செய்யப்பட்டது. அதன் மேல் நிற்கும் மரக்கூடு முறுக்கை ஏற்காது. எஞ்சினின் அதிர்வு ஓயாமல் அடிக்கும். மரம் காய்ந்து சுருங்கும். ஆணியும் திருகும் பிடித்திருந்த துளைகள் கொஞ்சம் கொஞ்சமாக அகலும். உடைவது பலகை அல்ல, பலகையும் பலகையும் சந்திக்கிற இடம்.

லூஸ் செய்த மாற்றம் கேட்பதற்குச் சாதாரணமானது. மரத்துக்கு உள்ளே எஃகுச் சட்டம் கொடுத்தார். 1927இல் அவர் கட்டிய முதல் வண்டி பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்றது. இன்றைக்கு அது மிஷிகன் மாநிலம் டியர்போர்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சேஸிஸ் ஃபோர்டு, அருங்காட்சியகமும் ஃபோர்டு. ஆனாலும் அந்த வண்டியை அங்கே வைத்திருப்பது பாடிக்காக. பாடி கட்டும் தொழிலுக்கு இப்படி ஒரு மரியாதை அபூர்வமாகத்தான் கிடைக்கிறது.

பெயர் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். குடும்பப் பெயரை வண்டிக்கு வைத்தால் 'லூஸ் பஸ்' என்றாகிவிடும். பாடி கழன்ற வண்டியால் தொடங்கிய வியாபாரத்துக்கு இதைவிட மோசமான விளம்பரம் வேண்டாம்! நீலமும் மஞ்சளும் பூசிய மாதிரி வண்டியைப் பார்த்த பள்ளிக் குழந்தைகள் "அழகான நீலப் பறவை" என்றார்களாம். அந்தப் பெயரே நிலைத்தது. இத்தகைய கதைகளை நூற்றுக்கு நூறு நம்ப வேண்டியதில்லை. குடும்பத்தார் தங்கள் பெயரை வண்டியில் போடவில்லை என்பது மட்டும் உண்மை.

1932இல் கார் முகவர் உரிமைகளை விற்றுவிட்டு முழு நேரமாகப் பாடி கட்ட இறங்கினார் லூஸ். அது பொருளாதாரப் பெருமந்தத்தின் அடிமட்டம். இதைத் துணிச்சல் என்று எழுதுவது நிறுவன மலர்களின் வழக்கம். எனக்கு அதில் ஒரு நல்ல வியாபாரியின் கணக்குத் தெரிகிறது. 1932இல் கார் வாங்க ஆள் இல்லை. பள்ளி வாரியங்கள் மட்டும் வண்டி வாங்கிக்கொண்டிருந்தன. 1930 வாக்கில் அமெரிக்காவில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ஓராசிரியர் பள்ளிகள் இருந்தன. அவற்றை மூடி, பத்துப் பள்ளிகளின் பிள்ளைகளை ஒரே பெரிய பள்ளியில் சேர்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. மூடப்பட்ட ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பஸ் தேவைப்பட்டது. வாங்குகிறவர் வரிப்பணத்தில் வாங்குகிறார். தனியாருக்குக் கார் விற்பதைவிட இது நிதானமான வியாபாரம்.

ஆனால் யாருடைய பிள்ளைகளுக்கு? இந்தக் கேள்வியைக் கேட்காமல் அமெரிக்கத் தெற்கின் பள்ளிப் பேருந்தைப் பற்றிப் பேசினால் அது பாதிக் கதை. நிறவாரியாகப் பள்ளிகள் பிரிந்திருந்த காலம் அது. பக்கத்து மாநிலமான தென் கரோலினாவின் கிளாரண்டன் கவுண்டியில் வெள்ளையர் பள்ளிகளுக்குப் பேருந்துகள் ஓடின. கறுப்பினப் பிள்ளைகள் மைல் கணக்கில் நடந்தார்கள். 1947இல் லெவி பியர்சன் என்ற விவசாயி தம் பிள்ளைகளுக்கும் பேருந்து வேண்டும் என்று வழக்குப் போட்டார். அவர் வரி கட்டுவது வேறு பள்ளி வட்டத்தில் என்று காரணம் காட்டி அந்த வழக்கு தள்ளப்பட்டது. அந்த ஊரில் அதற்குப் பின் எழுந்த பிரிக்ஸ் எதிர் எலியட் வழக்கு, 1954இல் பள்ளிகளில் நிறப்பிரிவினையை ஒழித்த புகழ்பெற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் சேர்ந்த ஐந்து வழக்குகளில் ஒன்று. கேட்டது ஒரு பஸ். கொடுத்துத் தொலைத்திருந்தால் அன்றைக்கு அந்த ஊரில் வழக்கு அத்தோடு நின்றிருக்கும்.

அடுத்து, அந்த மஞ்சள் நிறம். 1939 ஏப்ரலில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் ஃபிராங்க் சயர் என்ற பேராசிரியர் ஏழு நாள் மாநாடு ஒன்றைக் கூட்டினார். அவர் கிராமக் கல்வியைப் பற்றி ஆராய்ந்தவர். ஒரு மாநிலம் ஓர் அளவில் வண்டி கேட்டது, இன்னொன்று வேறு அளவில் கேட்டது. ஓரிடத்தில் வெள்ளை, ஓரிடத்தில் சிவப்பு, ஓரிடத்தில் தேசபக்தி பொங்கச் சிவப்பு-வெள்ளை-நீலம். இப்படி இருந்தால் யாராலும் மொத்தமாகக் கட்டி விலையைக் குறைக்க முடியாது. ராக்ஃபெல்லர் பணம் 5,000 டாலரில் நடந்த அந்தக் கூட்டத்துக்கு மாநில அதிகாரிகளோடு சேஸிஸ் கம்பெனிக்காரர்களும் பாடி கட்டுபவர்களும் வந்தார்கள். புளூ பேர்டிலிருந்தும் ஆள் போயிருந்தது. சுவரில் எலுமிச்சை மஞ்சளிலிருந்து செம்மஞ்சள் வரை சுமார் ஐம்பது வண்ணத் தாள்களைத் தொங்கவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். விடியற்கருக்கலிலும் அந்தியிலும் அந்த நிறத்தின் மேல் கறுப்பு எழுத்து தெளிவாகப் படிக்க முடியும் என்பது காரணம். நிறத்தோடு சேர்த்து 44 தர விதிகள்: பாடியின் நீளம், கூரை உயரம், நடைபாதையின் அகலம் என்று.

எல்லோரும் நிறத்தைப் பற்றியே பேசுகிறோம். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த அளவுகள்தான். அதுவரை உள்ளூர் வாரியத்தின் ஆசைக்கேற்பக் கட்டித்தந்த சின்னப் பட்டறைக்கு ஒரு பிடிமானம் இருந்தது. அளவு ஒன்றாகிவிட்டால், அச்சு வைத்துத் தகட்டை அடிக்கிறவர்தான் ஜெயிப்பார். புளூ பேர்ட் 1937இலேயே முழு எஃகுப் பாடிக்கு மாறியிருந்தது. மரத்தில் தங்கியவர்களுக்கு இனி இடமில்லை.

இந்தத் தொழிலில் லூஸ் குடும்பம் தனியாக இல்லை. ஏறக்குறைய எல்லாக் கம்பெனிகளும் ஒரு குடும்பத்தின் அல்லது ஒரு கொல்லரின் பட்டறையில் தொடங்கியவை. வட கரோலினாவின் ஹை பாயிண்டில் பெர்லி தாமஸ் 1916இல் தொடங்கியது டிராம் வண்டிப் பட்டறை. நியூ ஆர்லியன்ஸில் செயின்ட் சார்ல்ஸ் வழித்தடத்தில் அவர் 1920களில் கட்டிய டிராம்கள் இன்றும் ஓடுகின்றன. டிராம் வியாபாரம் படுத்ததும் 1936இல் பள்ளிப் பேருந்துக்கு மாறினார். ஆர்கன்சாவில் வார்டு. இந்தியானா மாநிலத்தின் மிட்செல் என்ற சிற்றூரில் கார்ப்பெண்டர். பெயர்தான் தச்சர், ஆள் கொல்லர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த கார்ப்பெண்டர் ஆலையில் பஸ்களுக்குக் கதவு மாட்டும் வேலையில் இருந்த உள்ளூர் இளைஞர் ஒருவர் பின்னாளில் விண்வெளிக்குப் போனார். அவர்தான் கஸ் கிரிஸம். 1961இல் அவருடைய விண்கலம் கடலில் இறங்கியதும் கதவு உரிய நேரத்துக்கு முன்பே வெடித்துத் திறந்து, கலமே மூழ்கியது. 1967இல் அப்பல்லோ 1 தீ விபத்தில் கதவைத் திறக்க முடியாமல் தோழர் இருவரோடு உயிரிழந்தார். நான் பேச வந்ததற்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

போருக்குப் பின் லூஸ் ஐரோப்பா போனார். 1948இல் பாரிஸ் கண்காட்சியில் தட்டையான மூக்கு வைத்த ஒரு பேருந்தைக் கண்டு, அதை விலைக்கு வாங்கி ஃபோர்ட் வேலிக்கு அனுப்பினார். மூக்கு நீட்டாத வண்டியில் அதே நீளத்தில் கூடுதல் பிள்ளைகளை ஏற்றலாம். அதைப் பிரித்துப் பார்த்து, தங்களுக்கேற்ப மாற்றிக் கட்டி, விற்பனைக்கு விட்டார்கள். வைத்த பெயர் ஆல் அமெரிக்கன்! அதைவிடக் கவனிக்க வேண்டியது, 1950களில் அந்த வண்டிக்குச் சேஸிஸையும் தாங்களே செய்யத் தொடங்கினார்கள் என்பது. மற்ற மாடல்களுக்கு இன்னும் ஃபோர்டையும் ஜெனரல் மோட்டார்ஸையும் நம்பித்தான் இருந்தார்கள். 1962இல் லூஸ் காலமானார். ஜார்ஜ், ஆல்பர்ட் ஜூனியர், ஜோசப் என்று மூன்று பிள்ளைகள் தொழிலை எடுத்து நடத்தினார்கள்.

இனி மூட்டுக்கு வருகிறேன்.

எஃகுப் பாடி வந்ததும் மரத்தின் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பிரச்சினை இடம் மாறியிருந்தது. பள்ளிப் பேருந்தின் பக்கச்சுவர் பல தகடுகளை ஒட்டுப்போட்டது. ஒவ்வொரு ஒட்டிலும் ரிவெட். ரிவெட் குறைவாக அடித்தால் செலவு குறையும், வேகம் கூடும். விபத்தில் தகடு கிழிவதற்கு முன்பே ஒட்டு பிரிந்துவிடும். பிரிந்த தகட்டின் விளிம்பு கத்தி. 1960களின் கடைசியில் அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பள்ளிப் பேருந்து விபத்துகளை ஆராய்ந்தபோது இதைத்தான் திரும்பத் திரும்பச் சுட்டியது. மரப் பாடியில் ஆணித் துளை அகன்ற அதே இடம்.

பதில் இரண்டு விதமாக வந்தது. இந்தியானாவின் வேய்ன் கம்பெனி 1973இல் ஒட்டுகளையே குறைத்தது. வண்டியின் முழு நீளத்துக்கும் ஒரே தகடாகப் பக்கச்சுவரைச் செய்தது. மற்றவர்கள் ரிவெட்டைக் கூட்டினார்கள், பசை சேர்த்தார்கள். அரசு காத்திருக்கவில்லை. 1977 ஏப்ரல் 1 முதல் புதிய கூட்டாட்சித் தர விதிகள் நடைமுறைக்கு வந்தன. 220ஆம் எண் விதிப்படி, வண்டியின் வெற்று எடையைப்போல் ஒன்றரை மடங்கு பாரத்தைக் கூரையின் மேல் வைத்து அழுத்தினாலும் கூரை சுமார் 13 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக்கூடாது. அவசரக் கதவுகள் திறக்க வேண்டும். 221ஆம் எண் விதி மூட்டுக்கென்றே எழுதப்பட்டது. இரண்டு தகடுகள் சேரும் இடம், அவற்றில் பலவீனமான தகட்டின் வலிமையில் 60 சதவீதமாவது தாங்க வேண்டும். 222ஆம் விதி இருக்கையின் முதுகை உயர்த்தி, பஞ்சு வைத்து, நெருக்கமாகப் போடச் சொன்னது. பெரிய பஸ்ஸில் இடுப்பு வார் இல்லாமலே பிள்ளையைக் காப்பது அதன் நோக்கம்.

அடுத்த முறை அமெரிக்கப் படம் பார்க்கும்போது அந்த மஞ்சள் பஸ்ஸின் பக்கவாட்டில் ஓடும் கறுப்புப் பட்டைகளைக் கவனியுங்கள். அழகுக்காகப் போட்டவை அல்ல. எஃகுத் தண்டவாளம் போல உள்ளே இருக்கும் தூண்களோடு பிணைக்கப்பட்டவை. கீழே உள்ளது தரைமட்டத்தைக் காட்டும். அடுத்தது இருக்கையின் உயரம். மேலே உள்ளது சன்னலின் அடி. கவிழ்ந்த வண்டிக்குள் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று மீட்க வருகிறவர் வெளியில் நின்றே கணிக்கலாம்.

நாள் குறித்து விதி வந்தால் அந்த நாளுக்கு முந்தைய நாளும் ஒன்று இருக்கும். 1988 மே 14 இரவு கென்டக்கி மாநிலத்தின் கேரல்டன் அருகே, எதிர்த்திசையில் குடிபோதையில் வந்த ஒருவரின் பிக்கப் லாரி ஒரு தேவாலயப் பேருந்தின் மேல் மோதியது. பள்ளி வாரியம் கழித்த பழைய வண்டி அது. கேளிக்கைப் பூங்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த 67 பேரில் 27 பேர் இறந்தார்கள். 24 பேர் பிள்ளைகள். மோதலில் யாரும் சாகவில்லை. முன்கதவுக்குப் பக்கத்தில் இருந்த பெட்ரோல் தொட்டி கிழிந்து தீப்பிடித்தது. பின்கதவு ஒன்றே வழி. வண்டி, ஃபோர்டு சேஸிஸின் மேல் சுப்பீரியர் கம்பெனி கட்டிய பாடி. சேஸிஸ் 1977 மார்ச்சில் செய்யப்பட்டது. தொட்டியைச் சுற்றிக் கூண்டு வேண்டும் என்ற விதி சில நாள் கழித்து, ஏப்ரல் 1இல் வந்தது.

தொட்டி சேஸிஸுக்குச் சொந்தம். கதவு பாடிக்குச் சொந்தம். தொட்டியும் கதவும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது யாருக்குச் சொந்தம்? இரண்டு கம்பெனியின் வரைபடத்திலும் அது தவறாகத் தெரியாது. இரண்டு வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால்தான் தெரியும். பாடி கட்டுகிறவர்தான் அப்படி வைத்துப் பார்க்கக்கூடிய கடைசி ஆள். "சேஸிஸ் வந்தபடி கட்டினோம்" என்று சொல்லும் உரிமை அவருக்குச் சட்டத்தில் இருக்கலாம், தொழிலில் இல்லை என்பது என் துணிபு.

கார்ப்பெண்டரின் கதை இதைவிடச் சங்கடமானது. குடும்பத்தின் கையை விட்டுப் போய், பலமுறை கைமாறி, 2001இல் அந்தக் கம்பெனி மூடப்பட்டது. 2003இல் ஃபுளோரிடாவில் அதன் பஸ் ஒன்று கவிழ்ந்து கூரை நசுங்கியது. பிரித்துப் பார்த்ததில் கூரை வளைவுகளின் வெல்டிங் விட்டிருந்தது. நாடு முழுக்கச் சோதித்தபோது அதே ஆலையில் கட்டிய வேறு பல வண்டிகளிலும் இதே கதை. திரும்பப் பெற்றுச் சரிசெய்யக் கம்பெனி இல்லை. பள்ளி வாரியங்கள் தாங்களே வெல்டு வைத்தன, அல்லது வண்டியை ஓரங்கட்டின.

புளூ பேர்டை லூஸ் குடும்பம் 1992இல் விற்றது. வாங்கியது மெரில் லிஞ்சின் முதலீட்டுப் பிரிவு. 1999இல் அங்கிருந்து, கடனையும் சேர்த்து 60 கோடி டாலருக்கு மேல் கொடுத்து, பிரிட்டனின் ஹென்லிஸ் குழுமம் வாங்கியது. ஹென்லிஸிடம் ஏற்கெனவே பிளாக்ஸ்டன் இருந்தது. அதுவும் 1907இல் இங்கிலாந்தின் ஸ்கார்பரோ கடற்கரை ஊரில் ஒரு தச்சர் தொடங்கிய பட்டறைதான்! இரண்டு கண்டங்களின் இரண்டு குடும்பத் தொழில்கள் ஒரே கணக்குப் புத்தகத்தில். 2004இல் ஹென்லிஸ் கடனில் சாய்ந்தது. 2006 தொடக்கத்தில் புளூ பேர்ட் திவால் நீதிமன்றத்துக்குப் போய், முன்கூட்டியே பேசி முடித்த திட்டத்தோடு இரண்டு நாளைக்குள் வெளியே வந்தது. செர்பரஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு மாறி, 2015இல் பங்குச் சந்தைக்கு வந்தது. இத்தனை கைமாற்றத்திலும் பஸ் மோசம் என்று யாரும் சொல்லவில்லை. சுமை கடன்தான், பஸ் வாங்குவதற்காக வாங்கிய கடன் அல்ல, பஸ் கம்பெனியை வாங்குவதற்காக வாங்கிய கடன்.

இதற்கிடையில் பழைய பிரிவினையும் மறைந்துகொண்டிருந்தது. தாமஸ் கம்பெனியை 1998இல் டைம்லர் குழுமத்தின் ஃபிரெய்ட்லைனர் வாங்கியது. வார்டின் வாரிசு, சேஸிஸ் செய்யும் நேவிஸ்டாரிடம் போனது. புளூ பேர்ட் 2003இல் மூக்கு வைத்த வண்டிக்கும் சொந்தச் சேஸிஸ் கொண்டுவந்தது. இன்று அமெரிக்காவில் பெரிய பள்ளிப் பேருந்து செய்பவர்கள் பெரும்பாலும் இந்த மூவர்தான். மூவரிடமும் சேஸிஸும் பாடியும் ஒரே கூரையின் கீழ். கேரல்டனில் இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே விழுந்த கேள்வி இனி விழ இடமில்லை. குடும்பங்கள் இருந்தபோது இது முழுமையாக நடக்கவில்லை, அவர்கள் போன பிறகுதான் நடந்தது. குடும்ப நிறுவனத்தைப் புகழ்வதற்கென்றே ஒரு மேடை கிடைத்தால் இதைச் சொல்லாமல் விடுவது வசதியாக இருக்கும்.

ஃபோர்ட் வேலியில் ஆலை இன்னும் நடக்கிறது. 2021ஆம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டத்தில் அமெரிக்க அரசு மாசில்லாத, மாசு குறைந்த பள்ளிப் பேருந்துகளுக்கென 500 கோடி டாலர் ஒதுக்கியது. மின்சாரப் பஸ்ஸுக்கு ஆர்டர் குவிந்தது. 2023 மே மாதம் அந்த ஆலையின் சுமார் 1,400 தொழிலாளர்கள் ஐக்கிய எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் சேர்வதா வேண்டாமா என்று வாக்களித்தார்கள். சேர வேண்டும் என்று 697 வாக்கு, வேண்டாம் என்று 435. தொழிற்சங்கம் எளிதில் காலூன்ற முடியாத ஜார்ஜியாவில் இது பெரிய செய்தியானது. ஓராண்டு பேச்சுவார்த்தைக்குப் பின் 2024 மே மாதம் முதல் ஒப்பந்தம் ஒப்புதல் பெற்றது. எல்லோருக்கும் குறைந்தது 12 சதவீத ஊதிய உயர்வு. அடிமட்டத்தில் இருந்தவர்களுக்கு அதைவிடக் கூடுதல்.